அன்னலிடா: கண்டப் புழுக்களின் பெயரும் அதைக் கையாளும் விதமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், அறிவியல் செய்தியைத் தமிழில் எழுதுகிறவர்கள், மண்புழு உரம் போடுகிறவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரே வரியில் பதில் முடிந்துவிடும், சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

உடல் கண்டம் கண்டமாகப் பிரிந்திருக்கும் புழுக்களுக்கு அறிவியலில் என்ன பெயர்?

அன்னலிடா. விலங்குலகத்தில் இது ஒரு தொகுதி, அதாவது ஒரு பெரும் பிரிவு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை வளைதசைப்புழுக்கள் என்கின்றன. வளையப்புழுக்கள், கண்டப்புழுக்கள் என்று எழுதுகிறவர்களும் உண்டு. மண்புழு, இரத்தம் உறிஞ்சும் அட்டை, கடலில் வாழும் பாலிகீட் புழுக்கள் எல்லாம் இதில் அடங்கும். பெயரிடப்பட்ட இனங்கள் 17,000க்கு மேல். அவற்றில் பாதிக்கும் மேல் கடலில்தான் இருக்கின்றன. நாம் மண்புழுவை மட்டுமே பார்த்துப் பழகியதால் அது தெரிவதில்லை.

தேர்வில் ‘அறிவியல் பெயர்’ என்று கேட்டால் அன்னலிடா என்று எழுதலாமா?

கேள்வி எதைப் பற்றியது என்று பாருங்கள். ‘கண்டப் புழுக்களின் அறிவியல் பெயர்’ என்றால் அன்னலிடா என்றுதான் எழுத வேண்டும், வேறு வழியில்லை. ‘மண்புழுவின் அறிவியல் பெயர்’ என்றால் அன்னலிடா தவறு. அங்கே கேட்பது பேரினமும் சிற்றினமும் சேர்ந்த இருசொற்பெயர். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர் லாம்பிட்டோ மாரிட்டி என்று எழுதுவார். உண்மையில் முதல் கேள்வியைக் கேட்பவர் ‘தொகுதியின் பெயர் என்ன’ என்று கேட்டிருந்தால் குழப்பமே வராது.

ஒரு மண்புழுவைக் காட்டி ‘இது ஓர் அன்னலிடா’ என்று சொல்லலாமா?

சொல்லாமல் இருப்பது நல்லது. அன்னலிடா என்பது மொத்தத் தொகுதிக்கும் உள்ள பெயர். இலத்தீன் வடிவத்திலேயே அது பன்மை. ஒரு தனி உயிரியைச் சொல்ல ‘வளைதசைப்புழு’ அல்லது ‘அன்னலிட்’ போதும். ‘மண்புழு அன்னலிடா தொகுதியைச் சேர்ந்தது’ என்றால் இன்னும் சுத்தம். ‘அன்னலிடாக்கள்’ என்று ஏற்கெனவே பன்மையாக இருப்பதற்கு மேல் ஒரு ‘கள்’ போடுவதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. பேச்சில் ஓடிவிடும், எழுத்தில் தவிர்க்கலாம்.

அன்னலிடாவா, அனலிடாவா, அன்னெலிடாவா?

மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் படித்தவருக்கு அன்னலிடா பழக்கம். எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க அதையே வையுங்கள். தலைப்பில் ஒன்று, படத்தின் கீழே இன்னொன்று என்றால் வாசகர் இரண்டு தொகுதி என்று நினைத்துக்கொள்வார்.

கண்டம் என்றால் வெளியே தெரியும் வளையம்தானே?

இல்லை. முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

மண்புழுவை எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். வெளியில் ஒரு பள்ளம் இருக்கும் இடத்தில் உள்ளேயும் ஒரு குறுக்குச் சவ்வு இருக்கும். மூங்கிலில் கணுவுக்குக் கணு தடுப்பு இருக்கிற மாதிரி. ஒவ்வோர் அறையிலும் திரவம் நிறைந்த உடற்குழி, கழிவு நீக்கும் நெஃப்ரீடியா, நரம்பு முடிச்சு, தோலில் நுண்ணிய முட்கள் என்று ஒரே சரக்கு திரும்பத் திரும்ப வரும். லாம்பிட்டோ மாரிட்டியில் இப்படி 165 முதல் 190 கண்டங்கள் வரை உண்டு. இந்த முட்களுக்குச் சீட்டாக்கள் என்று பெயர். புழுவின் உடலை வாலிலிருந்து தலைப் பக்கமாக மெதுவாகத் தடவினால் விரலில் சொரசொரப்பு தட்டுப்படும்.

அறை அறையாக இருப்பதன் பயன் நகர்வதில் தெரியும். ஓர் அறையில் வட்டத் தசை இறுகினால் அந்தப் பகுதி மெலிந்து நீளும். நீள்தசை இறுகினால் குட்டையாகிப் பருக்கும். பருத்த பகுதி வளைச் சுவரில் முட்களை ஊன்றிப் பிடித்துக்கொள்ள, நீண்ட பகுதி முன்னே போகும். தடுப்புச் சவ்வு இல்லாமல் உடல் முழுக்க ஒரே பையாக இருந்தால் இந்த வேலையை இவ்வளவு நுணுக்கமாகச் செய்ய முடியாது.

அட்டையிடம் வாருங்கள். வெளியில் எண்ணினால் நூறை ஒட்டி வளையங்கள் இருக்கும். பாடநூலில் 33 கண்டங்கள் என்று போட்டிருக்கும். இரண்டும் சரிதான். உடலின் நடுப்பகுதியில் ஒரு கண்டத்தின் மேல்தோலே ஐந்து வளையங்களாக மடிந்திருக்கிறது. உள்ளே தடுப்புச் சவ்வுகளும் இல்லை, உடற்குழியையும் திசுக்கள் அடைத்துவிட்டன. பிறகு 33 என்று எப்படிச் சொன்னார்கள் என்றால், நரம்பு முடிச்சுகளை எண்ணித்தான். ஆக, தோலில் தெரியும் வளையத்தை எண்ணிக் கண்டக் கணக்குச் சொல்லாதீர்கள்.

அப்படியானால் உடல் கண்டங்களாக இருக்கும் எல்லாப் புழுக்களும் அன்னலிடாவா?

அல்ல. பட்டுப்புழு, மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு, முருங்கைக் கம்பளிப்பூச்சி எல்லாம் பூச்சிகளின் இளம்பருவம். அவற்றின் உடலில் கண்டங்கள் தெளிவாகவே இருக்கின்றன, ஆனால் தலைக்குப் பின்னால் மூன்று இணைக் கணுக்கால்களும் இருக்கும். வளர்வதற்காகச் சட்டை உரிக்கும். இவை கணுக்காலிகள்.

நாடாப்புழு இன்னும் ஏமாற்றும். நீளமான துண்டு துண்டான உடலைப் பார்த்தால் யாரும் கண்டப்புழு என்றுதான் சொல்வார்கள். அது தட்டைப்புழுத் தொகுதியில் இருக்கிறது. அதன் துண்டுகள் தலைக்கு அடுத்த கழுத்துப் பகுதியில் புதிது புதிதாக உருவாகிப் பின்னால் தள்ளப்படுகின்றன, முட்டை நிறைந்த பழைய துண்டுகள் கடைசியில் கழன்று விழுகின்றன. வளைதசைப்புழுவில் நேர் எதிர். புதிய கண்டம் வால் நுனிக்குச் சற்று முன்னால் உருவாகும், மூத்த கண்டங்கள் தலைப்பக்கம் இருக்கும். துண்டுக்குள் உடற்குழியும் நாடாப்புழுவில் கிடையாது.

மீன் தொட்டிக் கடைகளில் இரண்டு சிவப்புத் தீனிகள் கிடைக்கும். டியூபிஃபெக்ஸ் என்று கொத்தாக நெளிவது அசல் வளைதசைப்புழு. பிளட் வார்ம் என்று உறைய வைத்த கட்டியாக வருவது பெரும்பாலும் கடிக்காத ஒரு கொசு மாதிரிப் பூச்சியின் இளம்புழு. இரண்டுமே ஹீமோகுளோபினால் சிவந்தவை. நிறத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கண்டமே இல்லாத வளைதசைப்புழு உண்டா?

உண்டு. கேட்கும்போது முரணாகத்தான் இருக்கும்.

கடற்கரைச் சேற்றில் வாழும் சிபன்குலா என்ற கூட்டத்துக்கு வளர்ந்த பிறகு கண்டம் கிடையாது, முட்களும் கிடையாது. எக்கியூரா என்ற கரண்டிப்புழுக்களுக்கும் கண்டமில்லாத குழாய் போன்ற உடல்தான். கொரியாவில் கேபுல் என்று பச்சையாக நறுக்கிச் சாப்பிடுவது இந்த வகைப் புழுவைத்தான். இரண்டையும் நெடுங்காலம் தனித்தனித் தொகுதிகளாக வைத்திருந்தார்கள். குடம்பிப் பருவத்தில், அதாவது இளம்புழுவாக இருக்கும்போது, இவற்றின் நரம்பு மண்டலத்தைப் பார்த்தபோது கண்ட அமைப்பின் சுவடு தெரிந்தது. மரபணு ஒப்பீடும் இவற்றை அன்னலிடாவுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தியது. முன்னோருக்குக் கண்டம் இருந்திருக்கிறது, இவை இழந்துவிட்டன.

மூன்றாவது கதை எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய இந்தோனேசியக் கடற்பகுதியில் 1899–1900இல் சிபோகா என்ற கப்பல் ஆழ்கடல் ஆய்வு செய்தது. அதில் கிடைத்த நூல் போன்ற ஒரு புழுவைப் பிரெஞ்சு விலங்கியலாளர் மொரீஸ் கோலரி 1914இல் விவரித்து, கப்பலின் பெயரையொட்டிச் சிபோக்ளினம் என்று பெயர் வைத்தார். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. எதோடு சேர்ப்பது என்று யாருக்கும் புரியவில்லை. பின்னால் போகனோஃபோரா என்று தனித் தொகுதியே உண்டாக்கினார்கள். முதுகுநாணிகளின் தூரத்து உறவான அரைநாணிகளுக்கு நெருக்கம் என்றுகூடப் பலர் எழுதினார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கடலடியிலிருந்து வாரி எடுக்கும்போது மெல்லிய அந்தப் புழு அறுந்துபோகும். அடிப்பகுதி சேற்றிலேயே தங்கிவிடும். அரைகுறை உடலை வைத்துத்தான் அத்தனை வாதமும் நடந்தது. 1964இல் நார்வே நாட்டில் ஃபியோர்டு எனப்படும் குறுகிய கடல் நுழைவு ஒன்றில் கிடைத்த இனத்தின் அடி நுனி முழுதாக விவரிக்கப்பட்டபோது, அந்தச் சின்னப் பகுதியில் வரிசையாகக் கண்டங்களும் முட்களும் இருந்தன. அதற்குப் பிறகும் வாதம் சட்டென்று ஓயவில்லை. 1977இல் கலாபகோஸ் அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சிவப்புக் கொண்டைக் குழாய்ப்புழுக்கள் தெரிய வந்தன. அவற்றுக்கு ரிஃப்டியா பாக்கிப்டிலா என்று பெயர். உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்தி இதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. 1980களில் இதற்கும் ஒரு தனித் தொகுதி. இன்று இவை எல்லாம் சிபோக்ளினிடே என்ற ஒரே குடும்பமாகச் சுருங்கி, அன்னலிடாவுக்குள் பாலிகீட் புழுக்களோடு உட்கார்ந்திருக்கின்றன. தொகுதி அளவிலிருந்து குடும்ப அளவுக்கு இறங்கியது ஒன்றும் அவமானமில்லை. ஆனால் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இன்னமும் போகனோஃபோரா தொகுதி என்று எழுதுகிறார்கள்.

கண்டம் இருப்பதும் உறுதியில்லை, இல்லாததும் உறுதியில்லை என்றால் எதை வைத்து அன்னலிடா என்கிறார்கள்?

வம்சாவளியை வைத்து. அன்னலிடா என்ற பெயர் ‘கண்டம் உள்ளது’ என்ற வருணனைக்காக ஒட்டும் சீட்டு இல்லை. ஒரு பொது மூதாதையிலிருந்து வந்த கிளை முழுவதற்குமான பெயர். அந்தக் கிளையில் பெரும்பாலானவற்றுக்குக் கண்டம், உடற்குழி, சீட்டாக்கள், மூடிய இரத்த ஓட்டம் இருக்கின்றன. ஒன்றிரண்டை இழந்தவையும் அதே கிளைதான். அட்டைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் சீட்டாக்கள் கிடையாது. அதற்காக யாரும் அட்டையை வெளியே தள்ளவில்லையே.

‘கண்டம் உள்ள எல்லாம் ஒரே உறவு’ என்று நினைத்த காலமும் இருந்தது. பிரெஞ்சு உடற்கூற்றியல் அறிஞர் ஜார்ஜ் குவியே வளைதசைப்புழுக்களையும் கணுக்காலிகளையும் சேர்த்து ஆர்டிகுலேட்டா என்று ஒரே பிரிவில் வைத்தார். மண்புழுவுக்கும் மரவட்டைக்கும் உடல் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதால் அது இயல்பாகவே தோன்றியது, இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை செல்வாக்கோடும் இருந்தது. 1990களில் மரபணு ஒப்பீடுகள் வந்தபின் நிலைமை மாறியது. வளைதசைப்புழுக்கள் நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளின் பக்கம் போயின. கணுக்காலிகளோ, சட்டை உரிக்கும் இன்னொரு கிளையில் உருளைப்புழுக்களோடு சேர்ந்தன. கடல்வாழ் வளைதசைப்புழுக்கள் பலவற்றுக்கும் மெல்லுடலிகள் பலவற்றுக்கும் ட்ரோக்கோஃபோர் என்ற ஒரே மாதிரியான நீந்தும் குடம்பி இருப்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். மண்புழுவுக்கு மரவட்டையைவிட நத்தை நெருங்கிய சொந்தம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். சொல்லிப் பாருங்கள்.

பெயர் யார் வைத்தது?

பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சிறு வளையம் என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து எடுத்தார். அதற்கு முன் லின்னேயஸ் 1758இல் பூச்சிகளைத் தவிர்த்த முதுகெலும்பற்றவற்றை எல்லாம் வெர்மெஸ், அதாவது புழுக்கள், என்ற ஒரே கூடைக்குள் போட்டிருந்தார். நத்தை, கணவாய், நட்சத்திரமீன்கூட அதில் இருந்தன. குவியே இந்தக் கூட்டத்திலிருந்து ‘சிவப்பு இரத்தப் புழுக்கள்’ என்று ஒரு பிரிவைத் தனியே எடுத்தார். லமார்க் அதற்குப் புதுப் பெயர் கொடுத்தார்.

பெயரை மாற்றியது நல்லதுதான். சில கடல் குழாய்ப்புழுக்களின் இரத்தம் குளோரோகுருவோரின் என்ற நிறமியால் பச்சையாக இருக்கிறது. சிபன்குலாவில் ஹீமெரித்ரின் என்ற வேறொரு நிறமி. இரத்த நிறத்தை வைத்துப் பெயர் நிலைத்திருந்தால் இன்று விளக்கம் சொல்லியே அலுத்திருப்போம்.

அட்டை என்றால் அன்னலிடா என்று எழுதிவிடலாமா?

எந்த அட்டை என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். குடும்ப அட்டை, ஆதார் அட்டை வகையறாவை விட்டுவிடுவோம். உயிருள்ளவற்றிலேயே மூன்று அட்டைகள் இருக்கின்றன.

குளத்திலும் வயலிலும் மாட்டின் மேலும் மனிதர் காலிலும் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் அட்டை வளைதசைப்புழு. தமிழ்நாட்டுப் பாடநூலில் வரும் ஹிருடினேரியா கிரானுலோசா இந்த வகை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையின் ஈரக் காடுகளிலும் மழை பெய்ததும் தரையிலிருந்து எழும்பிக் காலில் ஏறும் சின்ன அட்டைகள் ஹீமாடிப்சா என்ற பேரினம். இவையும் வளைதசைப்புழுதான்.

மரவட்டை, சிலர் ரயில் பூச்சி என்பார்கள், தொட்டால் சுருண்டுகொள்ளும். அது கணுக்காலி. கண்டத்துக்கு இரண்டு இணையாகக் கால் இருக்கும். அன்னலிடாவோடு சம்பந்தம் இல்லை.

கடல் அட்டை மூன்றாவது. மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கச் செய்திகளில் வாரம் தவறாமல் வரும் பெயர். இது முட்தோலி, அதாவது நட்சத்திரமீனின் உறவு. இரத்தம் உறிஞ்சாது, கடலடி மணலை விழுங்கி அதிலுள்ள சத்தை எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் 2001இல் கடல் அட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதனால்தான் பிடித்தால் வழக்கு. இலங்கையின் வடக்கில், யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சிப் பக்கங்களில், அனுமதி பெற்ற பண்ணைகளில் வளர்க்கிறார்கள். கடத்தல் செய்திக்குப் பக்கத்தில் இரத்தம் உறிஞ்சும் அட்டையின் படத்தைப் போட்ட பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். பெயரை வைத்துப் படம் தேடினால் அப்படித்தான் ஆகும்.

நாக்குப்பூச்சி எந்தத் தொகுதி?

இதுவும் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். தூண்டிலில் கோக்க ஈர மண்ணைக் கிளறி எடுக்கும் நாக்குப்பூச்சி மண்புழு. பழைய இலக்கியத்தில் இதற்கு நாங்கூழ் என்று பெயர். குழந்தையின் வயிற்றில் நாக்குப்பூச்சி இருக்கிறது என்று பாட்டி சொன்னால் அது குடலில் வாழும் உருளைப்புழு, நெமட்டோடா தொகுதி. மண்புழுவைப் போலவே நீளமாக இருப்பதால் ஒரே பெயர் விழுந்திருக்கிறது. உருளைப்புழுவுக்குக் கண்டம் இல்லை, உடல் வழவழவென்று இருக்கும். கீரைப்பூச்சி, கொக்கிப்புழு இரண்டும் உருளைப்புழுக்களே.

ஒரு கேள்வி கூடவே வரும்: வயிற்றில் வாழும் பூச்சிகளில் வளைதசைப்புழு எதுவும் இல்லையா? மனிதக் குடலில் வழக்கமாக வாழும் ஒட்டுண்ணிகளில் இல்லை. அவை எல்லாம் உருளைப்புழு அல்லது தட்டைப்புழு. பூச்சி மாத்திரை பற்றி எழுதும்போது அன்னலிடா என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

வகுப்புகள் மூன்றா, இரண்டா?

தேர்வுக்கு மூன்று: பாலிகீட்டா, ஆலிகோகீட்டா, ஹிருடினியா. முறையே பல முட்கள் உள்ள கடற்புழுக்கள், சில முட்கள் உள்ள மண்புழு வகை, அட்டை வகை. விடைத்தாளில் இதை எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும்.

ஆய்வு உலகத்தில் இந்தப் பிரிவு கலைந்துவிட்டது. அட்டைகள் ஆலிகோகீட்டாவுக்குள்ளிருந்தே கிளைத்தவை. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கிளைடெல்லேட்டா என்கிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் முட்டைக்கூட்டை உண்டாக்கும் தடித்த பட்டையான கிளைடெல்லம் இரண்டுக்கும் பொது. லாம்பிட்டோவில் அது 14 முதல் 17ஆம் கண்டம் வரை இருக்கும். இந்தக் கிளைடெல்லேட்டாவும் பாலிகீட்டாவுக்குள்ளிருந்து பிரிந்த ஒரு கிளைதான் என்று பிறகு தெரிந்தது. அதனால் இன்று எர்ரான்ஷியா, செடென்டேரியா என்ற இரண்டு பெரிய கிளைகளாகவும், அவற்றுக்கு வெளியே சில சிறு கூட்டங்களாகவும் பிரிக்கிறார்கள். 2011இல் வந்த மரபணு ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. முதலாவது பெரும்பாலும் திரிந்து வேட்டையாடுபவை, இரண்டாவது பெரும்பாலும் ஓரிடத்தில் தங்கி வடிகட்டி உண்பவை. மண்புழுவும் அட்டையும் இரண்டாவதில் வருகின்றன. அட்டையை ‘ஓரிடத்தில் தங்குவது’ என்று யாரும் நம்ப மாட்டார்கள். இங்கேயும் பெயர் வம்சாவளிக்குத்தான்.

பாலிகீட் என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குப் போடும் தீனிக்கு அதுதான் பெயர். கடல் உயிரியலாளர்களும் வழக்கில் வைத்திருக்கிறார்கள்.

இருசொற்பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது?

பேரினம் முதலில், சிற்றினம் அடுத்து, இரண்டும் தனிச் சொற்கள்: லாம்பிட்டோ மாரிட்டி. சேர்த்து எழுத வேண்டாம். இலத்தீன் எழுத்தில் எழுதினால் இரண்டும் சாய்வெழுத்தில் வரும், பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. தொகுதி, வகுப்பு, குடும்பப் பெயர்களுக்குச் சாய்வெழுத்து கிடையாது. தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து இல்லாததால் அந்தக் கவலையும் இல்லை. சாய்வெழுத்து தமிழ் அச்சில் அழகாக வராது, விட்டுவிடலாம். இரண்டாம் முறை வரும்போது ‘லா. மாரிட்டி’ என்று சுருக்கலாம். முதல் முறையே சுருக்கக் கூடாது.

மண்புழு உரம் விற்பவர்கள் எந்தப் பெயரைப் போட வேண்டும்?

‘அன்னலிடா உரம்’ என்று யாரும் போடுவதில்லை, நல்லவேளை. ஆனால் ‘நாட்டு மண்புழு’, ‘ஆப்பிரிக்க மண்புழு’ என்ற பெயர்களை மட்டும் நம்பிப் புழு வாங்கினால் வேறொன்று வந்து சேரலாம். உரத்தொட்டிக்குப் பழக்கமானவை மூன்று. ஐசீனியா ஃபெடிடா ஐரோப்பாவிலிருந்து பரவியது. யூட்ரிலஸ் யூஜினியே மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, பெரியது, வேகமாகத் தின்னும். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆசியாவைச் சேர்ந்தது, நம் வெப்பத்துக்குப் பழகியது. இவை மட்கும் குப்பையில் மேலாக வாழ்பவை.

லாம்பிட்டோ மாரிட்டி வயல் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வது. நிலத்தில் அது பெருகுவது நல்லது, ரசாயனம் குறைத்து மூடாக்குப் போட்டால் தானாக வரும். வாங்கும்போது இருசொற்பெயரைக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்.

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகுமா?

பொதுவாக ஆகாது. கிளைடெல்லத்துக்கு நன்றாகப் பின்னால் வெட்டுப்பட்டால் தலைப்பக்கம் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, வால்பக்கம் செத்துப்போகும். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் இதில் கெட்டிக்காரன், தலையையும் வளர்த்துக்கொள்ளும். லம்பிரிகுலஸ் என்ற நன்னீர்ப் புழு தானே துண்டாகிப் பெருகுகிறது. எல்லா வளைதசைப்புழுவுக்கும் பொதுவாக இந்தத் திறமையை எழுதுவதுதான் தவறு.

மருத்துவ அட்டை பற்றி எழுதும்போது எந்தச் சொல்?

அன்னலிடா வேண்டாம், அது மிகப் பெரிய வட்டம். இனத்தின் பெயரை எழுதுங்கள். ஐரோப்பிய மருத்துவ அட்டை ஹிருடோ மெடிசினாலிஸ். சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளில் அட்டை விடல் ஒன்று, இங்கே பயன்படுவது உள்நாட்டு அட்டைகள். கடிக்கும்போது மூன்று தாடைகளும் சேர்ந்து முக்கிளைக் காயம் உண்டாக்கும். உமிழ்நீரில் உள்ள ஹிருடின் இரத்தம் உறையாமல் தடுக்கும். உறைவைத் தடுக்கும் இந்தப் பொருளை 1884இல் ஜான் ஹேக்ராஃப்ட் கண்டறிந்தார். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் மருத்துவ அட்டைகளை மருத்துவக் கருவி என்ற வகையில் அனுமதித்தது. துண்டாகி மீண்டும் இணைத்த விரலில் இரத்தம் தேங்கினால் அதை வடிக்க அறுவை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் யாரும் முயல வேண்டாம், அட்டையின் குடலில் உள்ள பாக்டீரியா காயத்தில் தொற்று உண்டாக்கும்.

ஆங்கிலச் செய்தியில் ‘வார்ம்’ என்று இருந்தால் வளைதசைப்புழு என்று மொழிபெயர்க்கலாமா?

அப்படியே போடாதீர்கள். எர்த்வார்ம், டியூப்வார்ம், பாப்பிட் வார்ம் ஆகியவை வளைதசைப்புழுக்கள்தான். குளோவார்ம் பெரும்பாலும் மின்மினி வகை வண்டு, நியூசிலாந்துக் குகைகளில் ஒளிர்வது ஓர் ஈயின் இளம்புழு. வெல்வெட் வார்ம் ஓனிகோஃபோரா என்ற வேறு தொகுதி. ரிங்வார்ம் புழுவே இல்லை, தோலில் வரும் படர்தாமரை, பூஞ்சைத் தொற்று. ஷிப்வார்ம் மரக்கலங்களின் அடியைத் துளைத்துச் சல்லடையாக்கும் உயிரி. நீளமாக, மென்மையாக, அசல் புழு மாதிரியே இருக்கும். ஆனால் அது ஒரு சிப்பி. தலைப்பக்கம் ஒட்டியிருக்கும் இரண்டு சின்ன ஓடுகளால்தான் மரத்தை அராவுகிறது. மெல்லுடலி என்று எழுதுங்கள்.